உலகக் கண்காட்சிகளும் நம்ம மலையும்: கேள்வி பதில்

கட்டடம் வரைவது என் தொழில், வீடு இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம். போன மாதம் ஒரு பாடசாலை விழாவில் உலகக் கண்காட்சிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். நேரம் போதவில்லை. பலர் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள், சிலர் பிறகு போனில் கேட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

உலகக் கண்காட்சி என்றால் என்ன? நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் நடக்கும் கார்னிவலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? (தலவாக்கலை, ஆசிரியை)

டீச்சர், ஒரு நாடு இடம் கொடுத்து அழைக்கும். மற்ற நாடுகள் அங்கே போய் ஆளுக்கொரு மண்டபம் போட்டு, "நாங்கள் இப்படிப்பட்டவர்கள்" என்று காட்டும். 1928இல் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கை ஒன்றுதான் இதற்கான ஒழுங்கை வைத்தது. பெரிய கண்காட்சி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை நடக்கும். இடையில் வரும் சிறியது மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும், அதற்கான நிலமும் 25 ஹெக்டேயருக்கு மேல் போகக்கூடாது. ராட்டினமும் தீனிக் கடையும் இரண்டிலும் உண்டு. முதல் பெரிய ராட்டினமே 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்காகச் செய்ததுதான். உயரம் 264 அடி, 36 பெட்டி, ஒரு பெட்டியில் 60 பேர்.

லண்டன் கண்ணாடி மாளிகைக்கும் நம்ம தேயிலை ஸ்டோருக்கும் (தேயிலைத் தொழிற்சாலைக்கும்) உறவு இருக்கிறது என்றீர்கள். முப்பது வருடம் ஸ்டோரில் வேலை பார்த்தவன் நான், எனக்கு அப்படித் தோன்றியதே இல்லையே? (கந்தப்பளை, ஓய்வு பெற்றவர்)

ஐயா, இந்தக் கேள்விக்காகவே உங்களைப் பார்க்க வரவேண்டும் என்று இருக்கிறேன். 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த கண்காட்சியைத்தான் எல்லாரும் இவற்றில் முதலாவதாகச் சொல்வார்கள். அதற்காகக் கட்டிய கண்ணாடி மாளிகையின் வடிவத்தைத் தந்தவர் கட்டடக் கலைஞர் இல்லை, ஒரு தோட்டக்காரர். ஜோசப் பாக்ஸ்டன் என்று பெயர். ஒரு பிரபுவின் தோட்டத்தில் அமேசன் ஆற்று ராட்சத அல்லியை வளர்க்கக் கண்ணாடி வீடு கட்டிப் பழகியவர். அந்த அல்லி இலையின் அடியில் ஓடும் நரம்புகள் எடையை எப்படித் தாங்குகின்றன என்று பார்த்துத்தான் கூரையை யோசித்தேன் என்றார்.

அவர் செய்த பெரிய காரியம் அளவை ஒன்றாக்கியது. ஏறக்குறைய மூன்று இலட்சம் கண்ணாடித் தகடுகள், எல்லாம் ஒரே அளவு. வார்ப்பிரும்புத் தூண்களும் விட்டங்களும் பட்டறையில் தயாராகி, வந்து இறங்கியதும் பூட்ட வேண்டியதுதான். சில மாதங்களிலேயே மாளிகை நின்றுவிட்டது. தூண்கள் உள்ளே பொள்ளல். கூரையில் விழும் மழைத் தண்ணீர் அந்தத் தூண் வழியாகவே கீழே இறங்கிவிடும். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீர் ஓடும் பீலி அடைத்துக்கொண்டு அவதிப்படும் நமக்கு அதன் அருமை தெரியும்.

இனி உங்கள் ஸ்டோருக்கு வாருங்கள். அதன் இரும்புச் சட்டம் பிரித்தானியப் பட்டறையில் செய்யப்பட்டு, துண்டு துண்டாகக் கப்பலில் வந்து, ரயிலிலும் மாட்டு வண்டியிலும் மலை ஏறி, போல்ட் போட்டுப் பூட்டப்பட்டது. பாரமெல்லாம் சட்டத்தின் மேல். சுவருக்கு வேலையே இல்லை, அதனால்தான் தகரம் அடித்தாலும் போதுமானதாக இருந்தது, வரிசை வரிசையாக ஜன்னல் வைக்கவும் முடிந்தது. மேல்மாடியில் கொழுந்து வாடக் காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும். கண்ணாடி மாளிகையில் பார்த்த அதே யோசனைதான் தகரச் சட்டை போட்டுக்கொண்டு மலையில் நிற்கிறது. உங்கள் ஊரில் ஹோட்டலாக மாறிய ஹெதர்செட் ஸ்டோருக்குள் போனால் அந்தச் சட்டத்தை இன்றைக்கும் பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் ஏழைகள் உள்ளே போக முடிந்ததா? (பண்டாரவளை, உயர்தர மாணவி)

முதலில் முடியவில்லை, தங்கச்சி. டிக்கெட் விலை அப்படி. மே மாதக் கடைசியில் ஒரு ஷில்லிங் நாட்கள் என்று வைத்த பிறகுதான் தொழிலாளர்கள் வந்தார்கள். ரயிலில் கூட்டம் கூட்டமாக அழைத்து வந்தவர்களில் சுற்றுலா ஏற்பாட்டாளர் தோமஸ் குக் ஒருவர். மொத்தம் அறுபது இலட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. காசு கொடுத்துப் போகும் பொதுக் கழிப்பறை பெரிய அளவில் பழக்கமானதும் அங்கேதான். பெண்கள் நாள் முழுக்க வெளியே இருக்க வேண்டுமென்றால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மலையில் கொழுந்து எடுக்கும் உன் அம்மாவைக் கேட்டுப் பார், சொல்வார்.

சிக்காகோவில் இலங்கை மண்டபம் இருந்ததாமே. நம்ம ஆட்கள் அதில் இருந்தார்களா? (நானுஓயா)

இருந்தது, நன்றாகவும் இருந்தது. காரணத்திலிருந்து சொல்கிறேன். 1869இலிருந்து இலைத் துரு நோய் கோப்பியை அழித்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. விளைச்சல் ஏறிய வேகத்துக்கு வாங்க ஆள் வேண்டும். அமெரிக்கர்களோ சீன, ஜப்பானியத் தேயிலைக்குப் பழகியவர்கள். ஆகவே 1893இல் சிக்காகோவுக்கு ஒரு மண்டபத்தையே அனுப்பினார்கள். இலங்கை மரங்களில் செதுக்கிய தூண்கள், கண்டிப் பாணிக் கூரை, உள்ளே தேநீர்ச் சாலை. பத்து இலட்சம் தேயிலைப் பொட்டலங்கள் அங்கே விற்றதாக நம் தேயிலை வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். கண்காட்சி முடிந்ததும் மண்டபத்தைக் கழற்றி, விஸ்கான்சினில் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு பணக்காரர் தன் வீடாக்கிக்கொண்டார். வீட்டுக்கும் சிலோன் கோர்ட் என்றே பெயர்.

நம்ம ஆட்களைக் கேட்டீர்கள். அந்தத் தேயிலையைப் பறித்தவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த நம் முன்னோர். தேநீர் பரிமாறியவர்களோ கொண்டையில் சீப்புச் செருகிய சிங்கள ஆண்கள். தூண் கண்டியுடையது, பெயர் சிலோனுடையது, இலாபம் கம்பெனியுடையது. கூடை சுமந்த பெண் விளம்பரப் படத்தில் மட்டும் வந்தாள், அங்கேயும் பெயர் இல்லாமல். 1924இல் லண்டன் வெம்பிளியில் நடந்த சாம்ராச்சியக் கண்காட்சியிலும் இலங்கை மண்டபம் கண்டிப் பாணியில்தான் நின்றது. அந்தத் தூண்களின் அழகைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு லயத்துக் காம்பிராவையும் (தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையையும்) பக்கத்தில் வைத்திருந்தால் பார்த்தவர்களுக்குத் தேயிலையின் முழுக் கதையும் தெரிந்திருக்கும்.

மனிதர்களையே காட்சிக்கு வைத்தார்கள் என்று எங்கோ படித்தேன். நம்ப முடியவில்லை. (இராகலை)

உண்மை. ஜெர்மனியில் ஹாகன்பெக் என்ற மிருக வியாபாரி 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு ஆண், பெண், குழந்தைகளையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில், மிருகக்காட்சிச் சாலைகளில் காட்டினார். சிங்களவரும் இருந்தார்கள், தமிழரும் இருந்தார்கள். ஆடச் சொன்னார்கள், குடிசை போட்டு அதில் சமைக்கச் சொன்னார்கள், சனம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது. 1889 பாரிஸ் கண்காட்சியிலும் ஆபிரிக்க மக்களைக் கொண்டு ஒரு கிராமம் அமைத்தார்கள். கடைசி காலத்தது 1958இல் பிரஸல்ஸ். அணுவின் வடிவத்தில் 102 மீற்றர் உயரத்துக்கு அட்டோமியத்தைக் கட்டிய அதே மைதானத்தில் கொங்கோ மக்களை மூங்கில் வேலிக்குள் வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் வாழைப்பழம் எறிந்தார்கள். அவமானம் தாங்காமல் அந்த மக்கள் இடையிலேயே ஊர் திரும்பிவிட்டார்கள்.

கட்டடம் வரைகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிவது இது: அந்த வேலியும் கட்டடக்கலைதான். யார் எந்தப் பக்கம் நிற்கலாம் என்பதை யாரோ ஒருவர் தாளில் கோடு போட்டுத் தீர்மானித்திருக்கிறார். சுற்றுலா பஸ் தேயிலை மலையோரம் நின்று, கொழுந்து எடுக்கும் பெண்ணைக் கேட்காமலே படம் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேலி ஞாபகம் வரும்.

ஐஸ் டீ செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் கண்டுபிடித்தது என்கிறார்களே? (ஹப்புத்தளை)

இல்லை. அதற்கு முன்பே அமெரிக்காவில் குடித்தார்கள். 1904இல் அந்தக் கண்காட்சிக்கு இந்தியத் தேயிலைக்கு விளம்பரம் செய்யப் போன பிளெச்சிண்டன் என்பவர், வெயிலில் சூடான தேநீர் போணியாகாமல் ஐஸ் போட்டுக் கொடுத்தார் என்பது கதை. பரவக் காரணமாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இவ்வளவு செலவு செய்து கட்டிவிட்டு ஏன் இடிக்கிறார்கள்? மனசு கேட்கவில்லை. (மாத்தளை)

அண்ணன், மாசியில் காமன் கூத்துக்காகக் காமன் பொட்டலில் காமனை ஊன்றி, பந்தல் போட்டு, பாடி ஆடி, கடைசியில் எரித்துவிடுகிறோம். அடுத்த வருடமும் ஊன்றுவோம் என்று தெரிந்துதான் எரிக்கிறோம். கண்காட்சிக் கட்டடத்தில் பெரும்பாலானவை அந்த இனம். சிக்காகோவின் வெள்ளை நகரம் பளிங்கு மாதிரித் தெரிந்தது, உண்மையில் சாந்தும் சணல் நாரும். 1889 பாரிஸ் கண்காட்சிக்குக் கட்டிய ஈபிள் கோபுரத்துக்கே இருபது வருடம்தான் அனுமதி, வானொலிக் கம்பம் வைக்க உதவியதால் பிழைத்தது. 1929இல் பார்சிலோனாவில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ கட்டிய ஜெர்மன் மண்டபத்தை அடுத்த வருடமே கழற்றினார்கள். பிறகு அந்த இழப்பு உறைத்து, 1986இல் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள்.

எனக்கும் மனசு கேட்காத ஒன்று உண்டு. டெல்லி பிரகதி மைதானத்தில் 1972 வர்த்தகக் கண்காட்சிக்காக ராஜ் ரேவல் வடிவமைத்த ஹால் ஒஃப் நேஷன்ஸ். பொறியியல் மகேந்திர ராஜ். வேறு நாடாக இருந்தால் இரும்புக் குழாயில் செய்திருப்பார்கள். இரும்பு விலை கட்டுப்படியாகாததால், முக்கோண முக்கோணமாக அந்தச் சட்டம் முழுவதையும் கொங்கிறீற்றில் அங்கேயே கையால் வார்த்தார்கள். ஆயிரம் கைகள் செய்த வேலை அது. பாதுகாக்கச் சொல்லி எவ்வளவோ பேர் கேட்டும், 2017 ஏப்ரலில் ஒரே இரவில் இடித்துவிட்டார்கள். நிலைக்க வேண்டும் என்று கட்டியதை இடித்தது அது. கழற்றுவதற்கென்றே செய்த பந்தலோடு அதைச் சேர்க்க முடியாது.

நான் துபாயில் வேலை செய்தபோது எக்ஸ்போ பார்த்தேன். நடுவில் இருந்த பெரிய கூண்டு எதற்கு? ஒசாக்காவில் மர வளையம் என்று படம் வந்ததே, அது ஆணி இல்லாமல் கட்டியதா? (மஸ்கெலியா)

நீங்கள் பார்த்தது அல் வஸ்ல். 130 மீற்றர் அகலம், 67 மீற்றருக்கு மேல் உயரம். பகலில் நிழல், இரவில் முழுக் கூண்டுமே படம் காட்டும் திரை. கொரோனாவால் 2021 ஒக்டோபரில் தொடங்கிய அந்தக் கண்காட்சியில் கட்டியதில் பெரும்பங்கை இடிக்காமல் குடியிருப்பு நகரமாக மாற்றுகிறார்கள். நல்ல காரியம்.

ஒசாக்கா 2025 வளையம் சோ புஜிமோட்டோ வடிவமைத்தது. சுற்றி நடந்தால் இரண்டு கிலோமீற்றர், மரக் கட்டடங்களில் உலகிலேயே பெரியது என்று பதிவானது. தூணைத் துளைத்து விட்டத்தை ஊடே செருகும் பழைய ஜப்பானிய முறை. ஆனால் இன்றைய பூகம்ப விதிகளுக்காக உலோகமும் சேர்த்தார்கள். ஆணியில்லா வேலை பார்க்க ஆசையாக இருந்தால் கண்டிக்குப் பக்கத்தில் எம்பக்கே தேவாலயம் என்ற பழைய கோயிலுக்குப் போங்கள். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்களை ஒரே ஒரு மர ஆப்பு கோத்துப் பிடித்திருக்கிறது. பஸ் காசுதான் செலவு.

நம்ம நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கண்காட்சி மண்டபம் கட்டியிருக்கிறாரா? (கண்டி)

ஆம், 1970 ஒசாக்காவில் இலங்கை மண்டபம் அவருடையது. கண்டிக் கூரையை நகல் எடுக்காமல் அன்றைய நவீன வடிவில் செய்தார். சிக்காகோவிலிருந்து 77 வருடம் கழித்துத்தான் அந்தத் துணிவு வந்தது.

எங்கள் பாடசாலையில் மலையகக் கண்காட்சி செய்யப்போகிறோம். ஒரு வகுப்பறையும் முற்றமும் தந்திருக்கிறார்கள். எப்படி அமைப்பது? (பொகவந்தலாவை, பத்தாம் வகுப்பு)

தம்பி, முதலில் இரண்டு இடம் பார்த்துவிட்டு வாருங்கள். கண்டி ஹந்தானையில் பழைய ஸ்டோருக்குள் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களும், இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும் இருக்கின்றன. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயத்தையே அருங்காட்சியகமாக்கி, தொழிலாளர்கள் புழங்கிய சாமான்களை வைத்திருக்கிறார்கள். ஒரே தேயிலையை இரண்டு வீடுகளிலிருந்து பார்த்த மாதிரி இருக்கும்.

அப்புறம் முற்றத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குச் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். அது ஒரு காம்பிரா. மூங்கில் நட்டுத் தகரம் போட முடிந்தால் போடுங்கள், இல்லையென்றால் கோடே போதும். ஆறேழு பேரை அதற்குள் நிற்கச் சொல்லுங்கள், சமைக்கவும் படுக்கவும் இடம் பிரிக்கச் சொல்லுங்கள். வகுப்பறையில் ஒரு வாசலால் வந்து மறு வாசலால் போகும்படி மேசைகளைப் போடுங்கள், நடைவழி ஐந்தடிக்குக் குறைய வேண்டாம். கூடை, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, தப்பு மேளம், பழைய செக்ரோல் (வேலை வருகைப் பதிவேடு) எது கிடைத்தாலும் பக்கத்தில் அதை வைத்திருந்தவர் பெயரை, அவர் சம்மதம் கேட்டு, எழுதுங்கள். கயிறு கட்டிப் பொருளைத் தள்ளி வைக்காதீர்கள். கூடையைத் தலையில் மாட்டிப் பார்க்கட்டும்.

முக்கியமாக, ஓய்வு பெற்ற ஆச்சிகள் இரண்டு பேரை அழைத்து, வாசலுக்குப் பக்கத்தில் முதுகு சாய்கிற கதிரை போட்டு உட்கார வையுங்கள். எதிரே இரண்டு பெஞ்சு. பார்க்க வருகிறவர்கள் அதில் உட்கார்ந்துதான் ஆச்சிகளோடு பேச வேண்டும், நின்றுகொண்டு இல்லை. தேதி முடிவானதும் சொல்லுங்கள், கோடு போட நானும் வருகிறேன். அளவு நாடா என்னிடம் இருக்கிறது.