பொருளியலாளர் சங்கத்தில் உறுப்பினராவதால் என்ன பயன்?

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பது போன்ற தொழில் உரிமம் பொருளியலாளருக்கு இல்லை. யார் வேண்டுமானாலும் தம்மைப் பொருளியலாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். எனவே, சந்தா கட்டி என்ன ஆகப்போகிறது என்று முதுகலை மாணவரான நீங்கள் கேட்பது நியாயமே. தனிப்பட்ட முறையில் கிடைப்பது சொற்பம்தான். ஆனால், எந்த ஒரு பல்கலைக்கழகமும் தன் செலவில் செய்ய முன்வராத பொது ஏற்பாடுகளைச் சங்கங்களே செய்கின்றன.

1885இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பொருளியல் சங்கம், புதிதாக முனைவர் பட்டம் பெறுவோருக்கான வேலை அறிவிப்புகளை ஒரே இடத்தில் திரட்டி வெளியிடுகிறது. ஒவ்வொருவரும் ஏராளமான இடங்களுக்கு விண்ணப்பிப்பதால், யாருக்கு உண்மையான ஆர்வம் இருக்கிறது என்பது தேர்வுக்குழுவுக்குத் தெரிவதில்லை. இதற்காகச் சங்கம் 2006இல் ஓர் எளிய வழியைக் கொண்டுவந்தது: விண்ணப்பதாரர் தமக்குத் தனி விருப்பம் உண்டு என்ற குறிப்பை இரண்டே இரண்டு இடங்களுக்குச் சங்கத்தின் வழியாக அனுப்பலாம். மூன்றாவது அனுப்ப முடியாது என்பதால்தான் அந்தக் குறிப்புக்கு மதிப்பு. பற்றாக்குறையைப் பாடமாக நடத்துபவர்கள் அதைத் தம் தொழிலிலேயே பயன்படுத்திப் பார்த்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இதைவிட முக்கியமானது ஆய்வுகளைச் சரிபார்க்கும் பணி. அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி பொருளியலாளர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் எக்செல் கணக்கில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்ததை, 2013இல் ஒரு மாணவரும் அவருடைய ஆசிரியர்களும் வெளிப்படுத்தினார்கள். இன்று அச்சங்கத்தின் ஆய்விதழ்களில் ஒரு கட்டுரை வெளிவருவதற்கு முன், அதன் தரவுகளையும் கணினி நிரல்களையும் சரிபார்ப்பதற்கென்றே தனிப் பதிப்பாசிரியர் இருக்கிறார். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் எழுந்த விமர்சனங்களை அடுத்து, ஆய்வோடு தொடர்புள்ள தரப்பிடமிருந்து மூன்று ஆண்டுகளில் பத்தாயிரம் டாலரோ அதற்கு மேலோ பெற்றிருந்தால், கட்டுரை ஆசிரியர் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

2018இல் நன்னடத்தை விதித்தொகுப்பு ஒன்றையும் அச்சங்கம் ஏற்றது. இருப்பினும், உரிமமே இல்லாத தொழிலில் சங்கத்தால் எதைப் பறிக்க முடியும்? அதிகம் போனால் உறுப்பினர் பதவியையும் சங்க நிகழ்ச்சிகளில் பங்கேற்கும் வாய்ப்பையும்!

வேடிக்கை என்னவென்றால், அந்த வேலைப் பட்டியலைப் பார்க்க நீங்கள் உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. ஆகவே அவசரப்பட வேண்டாம். கருத்தரங்கில் வாசிக்க உங்களிடம் ஒரு கட்டுரை தயாரானதும், உங்கள் ஆய்வுத் துறைக்கென்று இயங்கும் சிறிய சங்கம் ஒன்றில் முதலில் சேருங்கள். அங்கே உங்கள் கட்டுரையை முழுதாகப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பவர்கள் நாலு பேராவது இருப்பார்கள்.