கையெழுத்து வைத்த மறுநாள்

கேள்வி: ஐயா, தாய்லாந்தும் கம்போடியாவும் 2025 ஜூலையில் சண்டையை நிறுத்தின. ஒக்டோபரில் கோலாலம்பூரில் கையெழுத்தும் வைத்தார்கள். டிசம்பரில் மறுபடியும் செல் அடி. நடுவில் நின்று பேசுகிறவர்களால் என்னதான் பலன்?
– வாசகி ஒருவர், மூதூர்

பதில்: தங்கச்சி, 2006 ஓகஸ்டில் நடந்த சண்டையில் மூதூர் பட்டதற்கு இந்தக் கேள்வி அங்கிருந்து வராவிட்டால்தான் ஆச்சரியம். கையெழுத்து வைத்த மறுநாள் காலையில் அங்கே யார் நிற்கிறார்கள்? நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

பெருவும் எக்குவடோரும் 1942இல் ரியோவில் உடன்படிக்கை எழுதின. மலைக்காட்டில் சுமார் 78 கிலோமீட்டருக்கு மட்டும் எல்லைக்கல் நடவில்லை. அந்தத் துண்டுக்காக 1981இலும் 1995இலும் அடிபட்டார்கள். 1995இல் சண்டை நின்றதும் பிரேசில், ஆர்ஜென்டீனா, சிலி, அமெரிக்கா என்று உத்தரவாதம் கொடுத்த நாலு நாடுகளும் கண்காணிப்பாளர்களைக் காட்டுக்குள் அனுப்பின. மூன்று வருடத்துக்கு மேல் நின்றார்கள். பேச்சு முட்டி நின்றபோது, ‘நீங்களே கோடு போட்டுத் தாருங்கள், ஏற்கிறோம்’ என்று இரண்டு நாடாளுமன்றங்களும் முன்கூட்டியே சம்மதித்தன. 1998 ஒக்டோபர் 26இல் பிரசிலியாவில் ஒப்பந்தம். 1995இல் ஆட்கள் விழுந்த திவின்சா என்ற இடம் பெருவின் மண்ணாகவே இருந்தது. அதில் ஒரு சதுர கிலோமீட்டரை எக்குவடோருக்குத் தனியார் காணியாகக் கொடுத்தார்கள். ஆட்சி பெருவுக்கு, காணி உறுதி எக்குவடோருக்கு. இதை யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

நம்முடையது இரண்டு நாடுகளின் சண்டையல்ல. ஆனாலும் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். 2002 பெப்ரவரியில் இலங்கை அரசும் புலிகளும் செய்த போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்துக் கண்காணிப்பாளர்கள் திருகோணமலையிலும் இருந்தார்கள். திருக்கடலூரில் தொழில் செய்த பக்கத்து வீட்டு அண்ணரின் அறக்குளா மீன் வலையை ஒரு விடியப்புறம் யாரோ அறுத்துவிட்டார்கள். முறைப்பாடு கொடுக்க நானும் கூடப் போனேன். வலை எத்தனை பாகம், கண் எத்தனை அங்குலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார் அங்கிருந்த கண்காணிப்பாளர். பின்னேரம் கடற்கரைக்கே வந்து, மணலில் முழந்தாளிட்டு, மிச்ச வலையைக் கையால் அளந்தார். வலைக்கு நட்டஈடு ஒன்றும் வரவில்லை. ஆனால் பொல்லோடு கிளம்ப நின்ற பெடியன்கள், “எழுதிக்கொண்டு போயிருக்கிறார், பாப்பம்” என்று வாடிக்குள் திரும்பிப் போனார்கள். அந்த ஒரு இரவு, அவ்வளவுதான். அப்படி எத்தனை இரவுகள் சேர்ந்தால் ஒரு வருடம்!

பிறகு 2006 ஜூலையில் திருகோணமலை மாவட்டத்தின் மாவிலாறு நீர்மதகு மூடப்பட்டது; அதோடு சண்டை மறுபடி மூண்டது. ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்த பின், அதன் உறுப்பு நாட்டவர்கள் போகவேண்டும் என்று புலிகள் சொல்ல, சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆட்கள் வெளியேறினார்கள். தேவை கூடிய நேரத்தில் ஆட்கள் குறைந்தார்கள்.

தாய்லாந்து எல்லையிலும் நவம்பரில் ஒரு கண்ணிவெடி படையினரைக் காயப்படுத்த, தாய்லாந்து உடன்பாட்டை இடைநிறுத்தியது. புதிதாகப் புதைத்தது என்றது ஒரு பக்கம், பழையது என்றது மறு பக்கம். இரண்டு பக்கமும் நம்பும் ஆட்கள் அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்கில் இருக்க வேண்டும் தங்கச்சி. பேசுகிறவர்களிடம் நாம் கேட்கவேண்டியது அதைத்தான்.

அண்ணர் அந்த முறைப்பாட்டுத் துண்டை வங்கிப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தார். 2006இலும் அது அங்கேதான் இருந்தது.