சேறும் சக்கரமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குறுவைக்குச் சேறடிக்கும்போது டிராக்டர் மடையோரம் புதைந்துவிட்டது. பின் டயர்களின் குறுக்கே மரக்கட்டையைக் கட்டி முதல் கியரில் எடுத்தோம். முன்சக்கரம் ஒரு முழம் கிளம்பிவிட்டது. டிரைவர் கிளட்சை மிதித்ததால் தப்பித்தோம். ஏன் இப்படி?
வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: கட்டை கட்டும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். என்ஜின் பினியன் என்ற சிறு பல்சக்கரத்தைச் சுற்ற, பினியன் கிரௌன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைத் தள்ள, அது ஆக்சிலையும் சக்கரத்தையும் திருப்புகிறது. சக்கரம் சுற்ற வழியிருந்தால் வண்டி நகரும். கட்டை அதைப் பூட்டிவிட்டால் கிரௌன் வீல் அசையாது. பினியன்தான் அதன்மேல் ஏறும், வண்டியின் உடலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு. லோ முதல் கியரில் என்ஜின் 150, 200 சுற்று சுற்றினால்தான் பின்சக்கரம் ஒரு சுற்று வரும். முறுக்குவிசையும் ஏறக்குறைய அத்தனை மடங்கு பெருகுகிறது. ஒன்றரை நொடியில் வண்டி மல்லாந்துவிடும். உங்கள் டிரைவருக்குக் கால் வேகம்!

சக்கரம் வழுக்கத் தொடங்கியதுமே நிறுத்துங்கள். ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்கும். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கினால், அது நின்ற பிறகு டிஃப்ரென்ஷியல் லாக்கை (இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பூட்டு) மிதித்து நேராக எடுங்கள். சுற்றும்போது மிதித்தால் பல் போகும். லாக்கோடு திருப்பவும் கூடாது. அதற்கும் வராவிட்டால் பின்னால் மாட்டிய ரோட்டாவேட்டரை (சேறடிக்கும் சுழல் கலப்பை) கழற்றி, டயருக்குப் பின்னால் சேற்றைச் சரிவாக வெட்டி, ரிவர்ஸில் எடுங்கள். ரிவர்ஸில் அதே விசை முன்பக்கத்தை அமுக்கும், தூக்காது.

அடிவயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டால் இன்னொரு டிராக்டர்தான். வந்த வழியிலேயே பின்பக்கமாக இழுங்கள். இழுக்கிற வண்டியில் சங்கிலியை டிராபாரில் (பின்னால் தாழ்வாக உள்ள இழுவைப் பட்டை) மட்டும் மாட்டுங்கள். கருவியின் மேல்பக்கத்தைப் பிடிக்கும் டாப் லிங்க் இடத்தில் மாட்டினால் இழுவை ஆக்சிலுக்கு மேலே விழுந்து, அந்த வண்டியும் மல்லாந்துவிடும். சங்கிலி அறுந்தால் வீசியடிக்கும். அதன் நீளத்துக்குள் ஆள் நிற்கக் கூடாது.

கேள்வி: சம்பா அறுவடையில் டயர் வைத்த அறுவடை இயந்திரம் புதைகிற வயலில், டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் வண்டி புதையாமல் போகிறதே?
வாசகர், மன்னார்குடி

பதில்: எடை மூன்று டன், பெல்ட் அகலம் 45 செ.மீ., தரையில் படியும் நீளம் 150 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெல்ட்டும் சேர்ந்து 13,500 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 220 கிராம்தான். ஒற்றைக் காலில் நிற்கும் 60 கிலோ ஆள், 200 சதுர செ.மீ. பாதத்தில் 300 கிராம் அழுத்துகிறார். அதாவது நடவாளின் கால் இதைவிட ஆழமாகப் புதையும். ஆனால் வரப்பேறும்போது மொத்த எடையும் ஒரே கோட்டில் நிற்கும். அங்கே குறுக்காக, வரப்புக்குச் செங்கோணத்தில் மெதுவாக ஏற்றுங்கள். சேற்றில் நின்ற இடத்திலேயே சுற்றினால் பெல்ட் கழன்றுகொள்ளும்.

கேள்வி: பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் பிடிப்பு கூடுமா?
வாசகர், பாபநாசம்

பதில்: புழுதி உழவில் கூடும். சேறடிக்கப் போகுமுன் வடித்துவிடுங்கள். அங்கே பிடிப்பு கேஜ் வீல் (சேற்றுக்கென மாட்டும் இரும்புச் சக்கரம்) பட்டைகளிலிருந்து வருகிறது, எடை புதைக்கத்தான் செய்யும். நிரப்ப, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து முக்கால் பங்குக்கு விடுங்கள். மீதி காற்று: தண்ணீர் அமுங்காது, காற்றுதான் அங்கே ஸ்பிரிங். பிறகு காற்று பார்க்கும்போதும் வால்வு உச்சியிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்று பார்க்கும் கருவிக்குள் தண்ணீர் ஏறிவிடும்.