கல்லூரிப் பேராசிரியர்களுக்குப் படிப்புக்கும் உழைப்புக்கும் ஏற்ற சம்பளம் கிடைக்கிறதா?

முனைவர் பட்டத்துக்குச் சேரலாமா என்று யோசித்துக்கொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்தது.

அரசுக் கல்லூரியில் நிரந்தரப் பணி என்றால் குறை சொல்ல முடியாது. ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். கௌரவ விரிவுரையாளருக்கும் மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-லேயே சொல்லிவிட்டது. சுயநிதிக் கல்லூரியில் கதையே வேறு. நான் அங்கேதான் இருக்கிறேன். விலங்கியலில் முனைவர் பட்டம், செட் என்ற மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சி, 11 வருட அனுபவம், சம்பளம் 22,000. எல்லா சுயநிதிக் கல்லூரியும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. என் கதையைச் சொல்கிறேன்.

எங்களுக்குக் கோடை விடுமுறை கிடையாது, அட்மிஷன் பிடிக்கப் போக வேண்டும். ஆளுக்குப் பத்துப் பேர். குறைந்தால் மே மாதச் சம்பளம் நிற்கும். எனக்கு ஊர் ஏற்காடு என்பதால் மலைக் கிராமங்களை என் தலையில் கட்டினார்கள். மூன்று வருடம் முன்பு ஒரு வீட்டில் நோட்டீஸை நீட்டினேன். பெண்ணின் அப்பா டம்ளரில் கடுங்காப்பி கொடுத்துவிட்டு, "உங்களுக்கு அங்க எவ்வளவு சார் தர்றாங்க?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "எஸ்டேட் ஜீப் ஓட்டுற எம் பெரியவனே அவ்வளவு வாங்குறானே சார்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். எங்கள் கல்லூரிக் கட்டணம் அவர்களுக்குத் தாங்காது. சேலம் அரசு கலைக் கல்லூரிக்கு என் போனிலேயே விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். எனக்கு ஒன்பது பேர்தான் தேறினார்கள், மே சம்பளம் வரவில்லை. அவள் இப்போது இளங்கலை முடித்துவிட்டாள்.

வேறு வேலைக்குப் போக வேண்டியதுதானே என்பீர்கள். என் அசல் சான்றிதழ்கள் கல்லூரி பீரோவில் இருக்கின்றன. கேட்டால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டு என்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ஏற்காட்டுக்கு மலையேறும் காரோட்டிகளே, கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப ரோட்டின் முழு அகலமும் வேண்டும். முந்திக்கொண்டு வந்து குறுக்கே நிற்காதீர்கள். அந்த பஸ்ஸில்தான் நாங்கள் வேலைக்கு இறங்குகிறோம். போன வாரம் பத்தாவது வளைவில் இருபது நிமிடம் நின்றோம், எனக்கு அரை நாள் சம்பளம் போனது.