ஊட்டிக்கு பதிலா திருப்பூர் போனா என்ன?

கேள்வி: நாங்க எட்டு பேரு, காலேஜ் முடிச்சு நாலு வருஷமாச்சு. வருஷா வருஷம் ஊட்டி, கொடைக்கானல்னு போவோம். இந்த வாட்டி ஒருத்தன், ஏதாவது தொழில் நடக்குற ஊரை பாத்துட்டு வரலாம்டா, எல்லாரும் ஒரே இடத்துல தேங்கிட்டோம்ங்கிறான். போனா நெஜமாவே யோசனை வருமா, இல்ல காசும் லீவும் வேஸ்ட்டா?
– வாசகர், சேலம்

பதில்: தாராளமா போங்க. சிவகாசி தொழிலே அப்படி ஒரு பயணத்துல ஆரம்பிச்சதுதான். 1920கள்ல அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேரு கல்கத்தா வரைக்கும் போயி, மாசக்கணக்குல தங்கி தீப்பெட்டி செய்ய கத்துக்கிட்டு ஊருக்கு வந்தாங்க, அப்புறம் பட்டாசு, அச்சுன்னு ஒண்ணு மேல ஒண்ணா வளந்துச்சு.

நாங்க ஏழு பேரு ஒரு வேன் புடிச்சு திருப்பூர் போனோம். மொதல்ல போன பெரிய கம்பெனியில ஏசி ரூம்ல உக்கார வச்சு பிபிடி போட்டு, சமோசா குடுத்து அனுப்பிட்டாங்க, ஒண்ணுமே பாக்கல, எனக்கு அழுகையே வந்துச்சு. மத்தியானம் தெரிஞ்சவர் மூலமா முப்பது மெஷின் வச்சு பெரிய கம்பெனிங்களுக்கு கூலிக்கு தச்சு குடுக்குற ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு போனோம், அங்கதான் கண்ணு தொறந்துச்சு. கட்டிங் டேபிளுக்கு கீழ வெட்டி மிச்சமான துணிய கலர் வாரியா மூட்டை கட்டி வச்சிருந்தாங்க, குப்பைன்னு நெனச்சேன், அது கிலோ கணக்குல வித்து, மில்லுக்கு போயி மறுபடி நூலாகுதாம். அக்கவுன்ட்ஸ்ல இருக்குற எங்க ஃப்ரெண்ட் மட்டும் துணியையே பாக்கல, "அண்ணா, பில்லு போட்டா எத்தனை நாள்ல காசு வரும்?"னு கேட்டா. யூனிட் மொதலாளி "தொண்ணூறு நாளும் ஆகும்மா, ஆனா சனிக்கிழமை ஆனா ஆளுங்களுக்கு சம்பளம் குடுத்தே ஆகணும்"னாரு. திரும்பி வர்ற வழியெல்லாம் வேன்ல அந்த ஒரு பதிலத்தான் பேசிட்டு வந்தோம், இப்ப அவ சின்ன யூனிட்டுகளுக்கு கணக்கு, ஜிஎஸ்டி பாத்து குடுக்குறதையே சொந்த தொழிலா வச்சிருக்கா.

அதனால ஒரே படிப்பு, ஒரே வேலைன்னு இருக்குறவங்களா சேந்து போகாதீங்க, வேற வேற ஆளுங்க இருந்தாத்தான் வேற வேற விஷயம் கண்ணுல படும். ஜாக்ருதி யாத்ராவுல 2008லேர்ந்து இதத்தான் பெருசா பண்றாங்க, நாடு முழுக்க இருந்து நானூறு ஐநூறு இளைஞர்கள், 15 நாள், 8,000 கிலோமீட்டர் ரயில் பயணம். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டு போயிருக்காங்க. டாக்டர் வெங்கடசாமி கவர்மென்ட் வேலையில ரிட்டயர் ஆகி, 58 வயசுல, 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச இடம் அது.

கேள்வி: சரி, அந்த மாதிரி சின்ன யூனிட்டுக்குள்ள யாரு விடுவா? போயி என்ன கேக்குறது?
– வாசகி, ஈரோடு

பதில்: சொந்தக்காரங்க, டீலர், ஆடிட்டர்னு யாராவது ஒரு ஆள் மூலமா போங்க, முந்தின நாளே போன் பண்ணி அரை மணி நேரம் போதும்னு சொல்லிடுங்க. லாபம் எவ்ளோன்னு கேக்காதீங்க, மூஞ்சி மாறிடும். எந்த விஷயத்துக்காக ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கு, எந்த வேலைக்கு ஆள் கெடைக்கலன்னு கேளுங்க, மனசு விட்டு பேசுவாங்க. திருப்பூர்னா செவ்வா, புதன்ல போங்க, சனிக்கிழமை சம்பள நாளு, மொதலாளி நின்னு பேச நேரமே இருக்காது.