இரண்டு நிமிடம் ஓடினாலே மூச்சு வாங்குகிறது... எனக்கு ஓட்டம் ஒத்துவராதா?

கேள்வி: எனக்கு வயது 41. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. இரண்டு வருடங்களில் மூன்று முறை ஓட்டப் பயிற்சியை ஆரம்பித்து, மூன்று முறையும் ஒரு மாதத்துக்குள் விட்டுவிட்டேன். இரண்டு நிமிடம் ஓடுவதற்குள் மூச்சு வாங்குகிறது. 'எப்போது நிறுத்தலாம்' என்றுதான் மனம் கேட்கிறது. கடைசி முறை மூன்றாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலி வந்துவிட்டது. 'இந்த வயதில் ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்' என்கிறார்கள் வீட்டில். ஆனால் என் தோழியோ, ஓடாமல் ஒரு நாள்கூட இருக்க முடியவில்லை என்கிறாள். அந்தச் சந்தோஷம் எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? என் உடல்வாகு ஓட்டத்துக்கு ஏற்றதில்லையா?

பதில்: உங்கள் கடிதத்தில் 'இரண்டு நிமிடம்' என்ற சொல்லில்தான் என் கண் நின்றது. நீங்கள் ஓடும் வேகம் உங்கள் உடலின் இன்றைய தகுதிக்கு அதிகம் என்று நினைக்கிறேன். 'எனக்கு ஓட்டம் பிடிக்கவில்லை' என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கும் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பிடிக்காமல் போனது ஓட்டம் இல்லை, மூச்சுத் திணறல்.

ஓட்டம் என்றதும் நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயம்தான் நினைவுக்கு வருகிறது. இருபது, முப்பது வருடம் கழித்து மறுபடி ஓடக் கிளம்பும்போதும் கால்கள் அந்தப் பழைய வேகத்தைத்தான் எடுக்கின்றன. உடல் அதற்குத் தயாராக இருப்பதில்லை.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். ஒவ்வொருவர் உடலிலும் ஒரு வேக எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே ஓடும்வரை தசைகள் ஆக்சிஜனைக் கொண்டு, கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்து, நிதானமாக வேலை செய்கின்றன. அந்த எல்லையைத் தாண்டினால், தசைகள் சர்க்கரையை அவசரமாக எரிக்கும்போது உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் ரத்தத்தில் சேர ஆரம்பிக்கிறது, அமிலத்தன்மை கூடுகிறது. அதைச் சரிக்கட்ட மூளைத் தண்டு மூச்சை வேகப்படுத்துகிறது. 'போதும், நிறுத்து' என்ற உணர்வு எழுவது அப்போதுதான். பல வருடம் பயிற்சி எடுத்த வீரர்களுக்கும் எல்லையைத் தாண்டினால் இதே அவஸ்தைதான். அவர்களுடைய எல்லை வெகு உயரத்தில் இருக்கிறது, உங்களுடையது இப்போதைக்குத் தாழ்வாக இருக்கிறது, அவ்வளவுதான். தயவுசெய்து இதை மன உறுதிக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று முறை விட்டும் நான்காவது முறைக்கு வழி கேட்கிறவருக்கு மன உறுதியில் குறை இருக்க முடியாது.

அந்த எல்லையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், பேசிப் பார்த்தால் போதும். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சுக்கு நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் எல்லைக்குள் இருக்கிறீர்கள். மூன்று வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு இழுத்தால் தாண்டிவிட்டீர்கள். அந்த நிமிடமே வேகத்தைக் குறையுங்கள், அல்லது நடங்கள். ஆரம்பத்தில் இந்த வேகம் கூச்சம் தரும் அளவுக்கு மெதுவாக இருக்கும். பக்கத்தில் நடந்து போகிறவர் உங்களைத் தாண்டிப் போகலாம். போகட்டும். அடிகளைச் சின்னதாக வையுங்கள், பாதம் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழாமல் இடுப்புக்குக் கீழேயே இறங்கட்டும். முழங்காலுக்கும் அது நல்லது.

இவ்வளவு மெதுவாக ஓடி என்ன பயன் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சுமார் 55,000 பேரைச் சராசரியாக 15 வருடம் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓடாதவர்களைவிட ஓடுகிறவர்களிடம் இதய நோயால் இறப்பது 45 சதவீதம் குறைவாக இருந்தது. நாளொன்றுக்கு 5 முதல் 10 நிமிடம், மணிக்கு 10 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஓடியவர்களிடமும் பலன் தெரிந்தது. ஓடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர்களாக இருந்திருக்கலாம், அதனால் எல்லாப் பெருமையையும் ஓட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் மெதுவான ஓட்டம் வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, எப்படி ஆரம்பிப்பது? முதலில் 5 நிமிடம் சுறுசுறுப்பான நடை. பிறகு 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை. இப்படி எட்டு முறை. கடைசியில் 5 நிமிடம் நிதானமான நடை. வாரத்துக்கு மூன்று நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. இரண்டு வாரம் சுலபமாகப் போனால் ஓட்டத்தை ஒன்றரை நிமிடமாக்குங்கள், அப்புறம் இரண்டு. உலகம் முழுக்கப் பலர் பின்பற்றும் 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு) என்ற ஒன்பது வாரத் திட்டமும் இதே போல 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்றுதான் தொடங்குகிறது. 1996-இல் ஜோஷ் கிளார்க் என்பவர் ஐம்பதைத் தாண்டியிருந்த தன் அம்மாவை ஓட வைக்க உருவாக்கிய திட்டம் அது. நீங்கள் அதை எடுத்துக்கொண்டாலும் ஒன்பது வாரத்தில் முடித்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு முறை செய்து பதினெட்டு வாரமாக்கினால் உங்கள் கால்களுக்கு அதுவே பொருத்தம்.

கால்கள் என்று சொன்னதும் உங்கள் வலிக்கு வந்துவிடுகிறேன். மூன்றாவது வாரத்தில் அது வந்ததற்குக் காரணம் இருக்கிறது. பயிற்சிக்கு இதயமும் ரத்தமும் சீக்கிரம் பழகிவிடும். ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் ரத்தத்தின் அளவு உயர்கிறது. ஒன்றிரண்டு மாதத்தில் மூச்சில் நன்றாகவே வித்தியாசம் தெரியும். எலும்பும் தசைநாணும் அப்படியில்லை, அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். புதிய சுமை விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கொஞ்சம் அரித்து எடுத்துவிட்டு, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. ஒரு சுற்று முடிய மூன்று, நான்கு மாதம் ஆகலாம். அரித்து எடுத்தாயிற்று, இன்னும் கட்டி முடிக்கவில்லை என்ற இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும். ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. இப்போது புரிந்திருக்கும், மூச்சு சுலபமாகி 'இன்னும் கொஞ்சம் ஓடலாமே' என்று தோன்றும் அந்த நாட்கள்தான் கால் எலும்புக்கு ஆபத்தான நாட்கள்.

இதை நானே அனுபவித்திருக்கிறேன். 44 வயதில் ஓட ஆரம்பித்தேன். ஆறாவது வாரம் உடம்பு காற்றில் மிதப்பது போல இருந்தது. ஒரே வாரத்தில் தூரத்தை இரு மடங்காக்கினேன். காலில் வலி வந்தும் பத்து நாள் அதன் மேலேயே ஓடினேன். எலும்பில் நுண்கீறல். இரண்டு மாதம் ஓட முடியாமல் உட்கார்ந்திருந்தபோது வலியைவிட, கையில் கிடைத்த ஒன்றை இழந்த வருத்தம்தான் பெரிதாக இருந்தது. அந்த வருத்தம் உங்களுக்கு வரக் கூடாது.

எனவே மறுபடி ஆரம்பிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். காலின் உள்பக்க எலும்போரத்தைக் கணுக்காலிலிருந்து மேல் நோக்கி விரல் நுனியால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து விரல்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய திசுக்களின் அழற்சிதான். ஓட்டத்தை நிறுத்தி, வலியில்லாத அளவுக்கு மட்டும் நடந்தால் சில வாரங்களில் அடங்கும். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ, வலிக்கும் காலில் ஒற்றைக்காலால் குதிக்க முடியாவிட்டாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நுண்கீறல் ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படலாம். மாதவிடாய் தாறுமாறாக வருகிறவர்களுக்கும், எடையைக் குறைக்கிறேன் என்று மிகக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தக் கீறல் வரும் வாய்ப்பு அதிகம். ஓட ஆரம்பிக்கும் அதே மாதத்தில் கடுமையான பத்தியத்தையும் ஆரம்பிக்காதீர்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

முட்டி தேய்மானம் பற்றி வீட்டில் பயப்படுவது புரிகிறது. 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடல்நலத்துக்காகவும் விருப்பத்துக்காகவும் ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருந்தவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடியவர்களில் 13.3 சதவீதம். மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழுந்தி, விடுபட்டு, பஞ்சு போல மூட்டுத் திரவத்தை உள்வாங்கித்தான் அது ஊட்டம் பெறுகிறது. அளவான சுமை அதற்குத் தேவை. ஏற்கெனவே மூட்டில் வீக்கம் இருப்பவர்களும், சவ்வோ தசைநாரோ கிழிந்து சிகிச்சை எடுத்தவர்களும் பரிசோதித்துவிட்டுத்தான் ஓட வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதையும், நின்ற இடத்தில் குதிகாலைத் தூக்கி இறக்குவதையும் பதினைந்து பதினைந்து முறையாகச் செய்யுங்கள். தொடையும் கெண்டைக்காலும் வலுவானால் மூட்டுக்கும் எலும்புக்கும் சுமை குறையும்.

இனி, அந்தச் சந்தோஷம். ஓடினால் வரும் மகிழ்ச்சிக்கு, வலியைக் குறைக்க உடலே சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தோம். ஆனால் ரத்தத்தில் சுரக்கும் எண்டார்ஃபின் எளிதில் மூளைக்குள் நுழையாது. நம் உடலே தயாரிக்கும் எண்டோகேனபினாய்டு என்ற பொருட்கள் நுழையும். கவலையைத் தணித்து மனதை லேசாக்குவதில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது என்று இப்போதைய ஆய்வுகள் காட்டுகின்றன. மிதமான உழைப்பு இருபது, முப்பது நிமிடம் தொடரும்போது அவை ரத்தத்தில் நன்றாக உயர்கின்றன. இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டால் உடல் அந்த இடத்துக்கு வந்து சேரவே வழியில்லை. நடையும் ஓட்டமுமாகக் கலந்தாலும் அரை மணி நேரம் வெளியே இருங்கள் என்று சொல்வது இதற்காகவும்தான். உங்கள் தோழி இன்று சொல்வது, மாதக்கணக்கில் ஓடிய உடம்பு சொல்வது.

எல்லோருக்கும் அது ஒரே மாதிரி வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு ஓடும்போதே உற்சாகம் வரும். சிலருக்கு ஓடி முடித்துக் குளித்துவிட்டு உட்காரும்போது மனம் அமைதியாக இருக்கும். சிலருக்கு அன்றிரவு நல்ல தூக்கமாக வரும். எனக்கு இரண்டாவது வகை. முதல் மாதம் பெரும்பாலும் கடமையாகத்தான் இருக்கும், அதற்காகக் கலங்க வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: கடைசி ஐந்து நிமிடத்தை எப்போதும் மிக லேசாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அனுபவம் எப்படி முடிந்ததோ அப்படித்தான் மனம் பெரும்பாலும் அதை நினைவில் வைக்கிறது. கடைசியில் வேகமெடுத்து மூச்சிரைக்க முடித்தால், அடுத்த நாள் காலணியைப் பார்த்ததும் அந்த இரைப்புதான் ஞாபகம் வரும். முதல் இரண்டு மாதம் தூரத்தையும் வேகத்தையும் காட்டும் கைக்கடிகாரம், செயலி எதையும் பார்க்காதீர்கள். நிமிடக் கணக்கு மட்டும் போதும்.

காலணி பற்றிப் பலரும் அதிகம் கவலைப்படுகிறார்கள். போட்டு நாலு எட்டு ஓடிப் பார்க்கும்போது இதமாக இருக்கிறதா, கட்டைவிரலுக்கு முன்னால் சற்று இடம் இருக்கிறதா, போதும். தண்ணீர், தாகம் எடுத்தால் குடியுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் கழித்து ஓடுங்கள். காய்ச்சல் இருக்கும் நாட்களில் ஓடவே கூடாது, சில வைரஸ்கள் இதயத் தசையையும் பாதிக்கும்.

ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், மயக்கம், தாறுமாறான படபடப்பு வந்தாலோ, குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தாலோ, இதய மருத்துவரைப் பார்க்காமல் ஆரம்பிக்க வேண்டாம். ஓடி நின்று ஐந்து, பத்து நிமிடத்தில் இருமலும் நெஞ்சில் விசில் போன்ற சத்தமும் வந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஓட்டத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும் வாய்ப்பு உண்டு. உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

உங்களுக்கு நான் எழுதிக்கொடுக்கும் பரிசோதனைகள் மூன்று: ஹீமோகுளோபின், இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் உள்ள பெண்களுக்கு இரும்புச் சத்து குறைந்து, அதனாலேயே மூச்சு வாங்குவதுண்டு. குறைவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வோம், அதுவரை நடை மட்டும்.

முடிவுகள் சரியாக இருந்து, எலும்போரத்தில் அழுத்தினால் வலி இல்லை என்றால், முதல் நாள் உங்கள் தோழியையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். அவர் வேகத்துக்கு நீங்கள் ஓட வேண்டாம், உங்கள் வேகத்துக்கு அவரை வரச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே ஓடுங்கள். பதில் சொல்லச் சிரமமாக இருக்கும்போதெல்லாம் இருவரும் நடங்கள்.