தரைக்குக் கீழே ஒழுக்கு: சுத்தியல் எடுப்பதற்கு முன்

கேள்வி: எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கிறது. முன்பு நாளுக்கு ஒருமுறை மோட்டர் போட்டால் போதும். இப்போது காலையில் நிரப்பிய தாங்கி மாலைக்குள் வெறுமையாகிவிடுகிறது. குசினிச் சுவரோரம் தரையைத் தட்டினால் பொள்ளென்று கேட்கிறது; ஈரம் எங்கும் தெரியவில்லை. தரை முழுவதையும் உடைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மேசன். உடைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தெரியாமல் தரையை உடைப்பது காசைக் கிணற்றில் போடுகிற வேலை.

ஈரம் தெரியாததால் ஒழுக்கு இல்லை என்று எண்ண முடியாது. நம் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். அத்திவாரத்தருகே கசியும் நீர் மேலே வராமல் நேரே கீழிறங்கிவிடும். போகும்போது தரைக்கு அடியில் நிரவிய மண்ணையும் அரித்துச் செல்லும். நீங்கள் கேட்கும் ஓசை அதனாலும் வரலாம், ரைல்ஸுக்குக் கீழே சாந்து விட்டுப்போனதாலும் வரலாம். அதை மட்டும் நம்பாதீர்கள்.

முதலில் மலசலகூடச் சிஸ்டனில் (கோப்பையைக் கழுவும் தண்ணீர்ப் பெட்டியில்) சிறிது கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் கள்ளன் அங்கேதான். இப்படி முடிந்துபோகும் வழக்குகள் நிறைய.

அது இல்லையென்றால் இரவுச் சோதனை. தாங்கியை நிரப்பி, மோட்டரை நிறுத்தி, வெளிச்செல்லும் கேற் வால்வைப் பூட்டி, உட்சுவரில் நீர்மட்டத்தைக் குறித்துவிடுங்கள். 1000 லீற்றர் தாங்கியில் மட்டம் 1 சென்ரிமீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 9 லீற்றர் போயிருக்கிறது என்று கொள்ளலாம். வால்வை இறுகப் பூட்டியும் விடியும்போது மட்டம் இறங்கியிருந்தால் அந்த நீர் தரைக் குழாயால் போகவில்லை: தாங்கியில் வெடிப்பு விழுந்திருக்கலாம், அல்லது மோட்டர் குழாய் தாங்கியின் அடியில் இணைக்கப்பட்டிருந்தால் பழுதான புட் வால்வு (கிணற்றுக் குழாயின் அடியில் நீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு) வழியாக நீர் கிணற்றுக்கே திரும்பியிருக்கலாம். மட்டம் அசையாவிட்டால் மறுநாள் இரவு வால்வைத் திறந்து, வீட்டுக் குழாய்களை மட்டும் இறுகப் பூட்டி, யாரும் தண்ணீர் எடுக்காமல் மீண்டும் பாருங்கள். இப்போது இறங்கினால் ஒழுக்கு தாங்கியிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய்களில்தான். பிறகு குசினி, குளியலறை என்று ஒவ்வொரு கிளைக் குழாயாகப் பூட்டிப் பார்க்க வேண்டும். கிளைகளுக்கு வால்வு இல்லையா? குழாய் வீட்டுக்குள் நுழையும் இடங்களில் ஒவ்வொன்று போடுங்கள். தரையை உடைக்கிற செலவோடு பார்த்தால் அது சில்லறை.

ஒழுக்கின் சத்தத்தைக் கேட்டுச் சொல்லும் கருவிக்கு ஆள் பிடிக்க அவசரப்படாதீர்கள். 10 மீற்றர் உயர நீருக்கு அழுத்தம் 1 பார்தான். வீட்டுத் தாங்கிகள் பெரும்பாலும் அந்த உயரம்கூட வராது. அந்த அழுத்தத்தில் சிறு ஒழுக்கு வாய் திறக்காது. சந்தேகக் கிளையைத் தனியே அடைத்துக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்கும் குழாய் வேலைக்காரரே உங்களுக்கு உதவுவார்.

குசினிக் கிளைதான் என்று உறுதியானால், என் யோசனை அந்தக் குழாயைத் திருத்தாமல் கைவிடுவது. இரு முனைகளையும் மூடிவிட்டு, புதிய குழாயை வெளிச்சுவர் வழியாகக் கொண்டுவாருங்கள். அழகாக இருக்காதுதான், ஆனால் அடுத்த ஒழுக்கு கண்ணுக்குத் தெரியும். பிவிசி வெயிலில் நொறுங்கும் என்பதால் வர்ணம் பூசுங்கள். ஒட்டுமுன் முனைகளை நன்றாக உலர்த்தி, ஒட்டிய பின் ஒரு நாள் விட்டே தண்ணீர் திறவுங்கள். பொள்ளான இடத்தில் மட்டும் சில ரைல்ஸைக் கழற்றிப் பாருங்கள். மண் இறங்கியிருந்தால் மணலை நனைத்துப் படைபடையாக இடித்து நிரப்பிய பிறகே சீமெந்து. சுவரில் படிக்கட்டுப் போல வெடிப்போ, திடீரெனக் கதவு இறுகுவதோ இருந்தால் மேசனிடம் கேட்காமல் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

மாரியில் மட்டும் எல்லாச் சுவர்களின் அடியிலும் ஈரமும் உப்பும் பூப்பது வேறு கதை. அது நிலத்தடி நீர் ஏறுவது. ஆடி வெயிலிலும் ஓரிடம் காயாமல் நின்றால்தான் குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

கழிவுக் குழாய் ஒழுகினால் தாங்கியில் ஒன்றும் தெரியாது. குளியலறை வடிகாலைத் துணிப்பந்தால் அடைத்து, தரையில் சிறிது நீர் தேக்கி, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் தரை இணைப்புகளில் கசிகிறது. அடைப்புக்குக் கீழே போகும் குழாயை வேலைக்காரர் மறுமுனையை அடைத்து நீர் நிரப்பித்தான் சோதிக்க வேண்டும். எங்கே கசிந்தாலும் அந்த அழுக்கு இதே சுண்ணக்கல் வெடிப்புகளால் உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகலாம். திருத்தி, கிணற்று நீரைக் கிருமிப் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை கொதிக்கவைத்தே குடியுங்கள்; பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள்.